அரை மீட்டருக்குள்ளே

அண்ணா, நீங்களே சொல்லுங்க. முப்பது சென்டிமீட்டர்ங்கறது ஒரு வித்தியாசமுங்களா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வச்சிருக்கற பெரிய ஸ்கேல் இருக்கில்லீங்க, அந்த நீளம். அவ்வளவுதான். ஒரு மலை இருக்குது, ஆயிரத்து எண்ணூறு மீட்டர் உசரம். அதுல ஒரு ஸ்கேல் நீளம் கூடக்குறைய இருந்தா யாராவது பெருசா எடுத்துக்குவாங்களா? மாட்டாங்க. நானும் எடுத்துக்கல. அதுக்குத்தான் இன்னைக்கு விசாரணைன்னு கூப்பிட்டிருக்காங்க.

மன்னிச்சுக்குங்க. மேட்டுப்பாளையத்துல ஏறுனதிலிருந்து வாயைத் திறக்காமத்தான் வந்தேன். ‘மேல யாரைப் பாக்கப் போறீங்க’ன்னு நீங்க சும்மா கேட்டீங்க. எனக்குத்தான் பேச ஆள் கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. வீட்டுல பேசறதில்லீங்க. பேச்சை எடுத்தாலே சம்சாரம் சமையக்கட்டுக்குப் போயிடுது.

வெள்ளிலைமட்டம்னு சொன்னா உங்களுக்குத் தெரியுமுங்களா? ஆமாங்க, அதேதான். பேப்பர்ல வந்துச்சே, அந்த ஏழாம் லைன். எஸ்டேட் ஆளுங்க குடியிருந்த வீட்டு வரிசை. இல்லீங்க, நான் அந்த ஊரு இல்லை. நான் அந்த இடத்தைப் பாத்ததே கிடையாது. என்ன அப்படிப் பாக்கறீங்க? பாக்கணும்னு அவசியமில்லீங்க எங்க வேலைக்கு. எங்களுக்கு மலை நம்பரா வரும்.

கோயமுத்தூர்ல ஒரு சின்ன ஆபீஸு. பதினாறு பேரு. வரைபடம், நில அளவு, அதுக்கான புரோகிராம் எழுதற வேலை. நான் டீம் லீடருங்க. போன வருசம் ஒரு பெரிய வேலை வந்துச்சு. இந்த மலையில இருக்கற சில சரிவுகளை ப்ளேன்ல போயி லேசர் அடிச்சு அளந்திருந்தாங்க. பிப்ரவரியில ஒரு தடவை, ஜூலை கடைசியில ஒரு தடவை. இடையில ஏதாச்சும் மாறியிருக்குதான்னு நாங்க பாத்துச் சொல்லணும்.

எப்படிப் பாப்போம்னு சொல்றேன், லேசானதுதான். சரிவை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் கட்டமாப் பிரிச்சுக்குவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நம்பர், அந்த இடத்தோட உசரம். வரிசை வரிசையா நம்பரு. அதை அர்ரேன்னு சொல்லுவோம். பிப்ரவரிக்கு ஒரு அர்ரே, ஜூலைக்கு ஒரு அர்ரே. ரெண்டும் ஒரே அளவு. இதுல முதல் வரிசை முதல் கட்டம், அதுல முதல் வரிசை முதல் கட்டம். ரெண்டும் சமமா? அடுத்தது. சமமா? அடுத்தது. வெள்ளிலைமட்டத்துக்கு மட்டும் நாலு லட்சம் கட்டமுங்க. மனுசன் உக்காந்து பாத்தா மாசக்கணக்காகும். கம்ப்யூட்டருக்கு ஒரு தும்மல் நேரம்.

ஆனா அச்சு அசலா சமமா வராதுங்க. தேயிலை வளரும். லேசர் இலை மேல பட்டா ஒரு நம்பர், மண்ணுல பட்டா ஒரு நம்பர். அதனால இத்தனை வரைக்கும் வித்தியாசம் இருந்தாப் பரவாயில்லைன்னு நாம ஒரு அளவு குடுக்கணும். விட்டுக்கொடுக்கற அளவுன்னு வச்சுக்குங்களேன். அதைக் குடுத்துட்டு ஒரே ஒரு வரி எழுதுனாப் போதும், எல்லாக் கட்டமும் கிட்டத்தட்ட சமமான்னு. ஆமான்னா ட்ரூ, இல்லைன்னா ஃபால்ஸ், ரெண்டுல ஒண்ணு பதில் வரும். நான் அரை மீட்டர் குடுத்தேன். ட்ரூன்னு வந்துச்சு. பச்சைத் தேயிலை மூடியிருக்கற மலைக்கு அரை மீட்டர்ங்கறது யாரும் கேள்வி கேக்காத அளவுங்க. இதுல என்னங்க தப்பு?

தப்புன்னு சொன்னது ஒரே ஒரு ஆளு. ஃபிலோமினா மேடம்.

நல்ல பொம்பளைதான். நான் குறை சொல்லல. நாப்பத்திரெண்டு வயசு. பத்து வருசம் பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சரா இருந்துட்டு, எங்கயோ படிச்சு, புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டு வந்தாங்க. என்னை விட எட்டு வயசு மூப்பு, ஆனா எனக்குக் கீழ. ‘யோகேஸ்வரன் சார்’னு முழுப் பேரும் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. டீச்சர் புத்தி போகல பாருங்க, விடை சரியா இருந்தாலும் வழியைக் காட்டுன்னு நிப்பாங்க.

நான் ட்ரூன்னு முடிச்ச அன்னைக்கு மத்தியானம் ஒரு தாளோட வந்து நின்னாங்க.

“சார், நான் சமமா இல்லையான்னு கேக்கல. கழிச்சுப் பாத்தேன். குறைஞ்ச கட்டத்துக்கு நீலம், கூடுன கட்டத்துக்குச் சிவப்பு குடுத்து அச்செடுத்திருக்கேன். பாருங்க.”

பாத்தேன். மலை பூரா நீலமும் சிவப்பும் கலந்து, அரிசியையும் உளுந்தையும் ஒண்ணாக் கொட்டுன மாதிரி இருந்துச்சு. அது சரி, அப்படித்தான் இருக்கும். ஒரு இடத்துல மட்டும் கலப்பே இல்லீங்க. மேல ஒரு பிறை மாதிரி நீலம். அதுக்குக் கீழ தள்ளி ஒரு பட்டை, வெறும் சிவப்பு.

“எத்தனை?”ன்னேன்.

“இருபத்தஞ்சு, முப்பது சென்டிமீட்டர். சிலது அதுக்கும் மேல.”

“அரை மீட்டருக்குள்ளதானே?”

“உள்ளதான் சார். ஒவ்வொரு கட்டத்தையும் தனியா எடுத்தா ஒண்ணுமில்லைதான். ஆனா பக்கத்துப் பக்கத்துக் கட்டம் அத்தனையும் ஒரே பக்கமா எப்படி சார் தப்பாகும்? மேல குறைஞ்சதைக் கூட்டுனேன், கீழ கூடுனதைக் கூட்டுனேன். கிட்டத்தட்ட ஒரே அளவு. மேல இருந்த மண்ணுதான் கீழ வந்திருக்கு சார்.”

எனக்கு அன்னைக்கு வேற ரெண்டு வேலை கழுத்தை நெரிக்குது. ப்ளேன் பறந்த கோணம் மாறியிருக்கும், படம் ரெண்டும் லேசா விலகியிருக்கும்னு சொன்னேன். அப்படி ஆறது உண்டுங்க, நான் பொய் சொல்லல. அவங்க கேக்கல. “அப்படின்னா மலை முழுக்க விலகியிருக்கணுமே சார், இந்த இடம் மட்டும் ஏன்?”ன்னாங்க. அப்புறம் விரலை அந்தச் சிவப்புப் பட்டைக்குக் கீழ வச்சாங்க. “இங்க பதினெட்டு வீடு இருக்கு.”

நேர்ல போயிப் பாக்க ஒரு நாள் லீவு கேட்டாங்க. நான் குடுக்கல. வேலை நெருக்கடியில எந்த லீடர் குடுப்பான்? நீங்க குடுப்பீங்களா? ஞாயித்துக்கிழமை அவங்களா பஸ் ஏறிப் போயிட்டாங்க. திங்கக்கிழமை காலையில நான் டிபன் பாக்ஸைக்கூட வைக்கல, போனை நீட்டறாங்க.

வீட்டுக்குப் பின்னால நிலத்துல ஒரு விரிசல். மூணு விரல் அகலம். அங்க இருக்கறவங்க அதுல மண்ணை அடைச்சு சௌசௌக் கொடி நட்டு வச்சிருக்காங்க. நான் சொன்னேன், வெயிலுக்கு மண்ணு வெடிக்கும் மேடம். குடிதண்ணிக் குழாய் ஜூன்லேருந்து மூணு தடவை இணைப்பு விட்டுப்போச்சாம். பழைய குழாய் மேடம். தனபாக்கியம்னு ஒரு பொம்பளை, தேயிலை பறிக்கறவங்க, அவங்க வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது, புருசன் ரெண்டு தடவை இழைச்சும் நிலையில இடிக்குதாம். மழைக்கு மரம் ஊதும் மேடம், எங்க வீட்டுலயும் ஊதுது. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேன். ஒரு பதில் தப்புன்னு உங்களால சொல்ல முடியுங்களா? முடியாது.

அவங்க போனைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாங்க. “எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கு சார் உங்ககிட்ட”ன்னாங்க. பாராட்டற மாதிரித்தான் இருந்துச்சு. நான் சிரிச்சேன்.

அதோட விட்டிருந்தாப் பிரச்சினை இல்லை. எனக்குத் தெரியாம வேலை குடுத்தவங்களுக்கு நேரா ஒரு மெயில் போட்டுட்டாங்க, அந்த நீலம் சிவப்புப் படத்தையும் சேத்து. அங்கிருந்து எங்க முதலாளிக்குப் போன். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “என்னய்யா, உன் ஆளு ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்றே?”ன்னு கேட்டாரு. நான் ஒரே வார்த்தை சொன்னேன். “அவங்களுக்கு அனுபவம் பத்தலீங்க.” பொய்யா? ஒண்ணரை வருச சர்வீஸு. நான் பதினோரு வருசம். அந்த மெயிலுக்கு நானே பதில் எழுதி, ஆரம்பக்கட்டத் தாள் ஒண்ணு தவறுதலா வந்துடுச்சு, பொருட்படுத்த வேண்டாம்னு அனுப்பிட்டேன்.

அவங்களை நான் போகச் சொல்லலீங்க. எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க, ஆனா நான் சொல்லல. “டீம்ல இருக்கணும்னா டீமா இருக்கணும் மேடம்”னு மட்டும் சொன்னேன். அவங்களா வேலையை விடறேன்னு பேப்பர் போட்டாங்க. கடைசி நாள் மேஜையைத் துடைச்சுட்டு, தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டு, என் பக்கத்துல வந்து மெதுவாத்தான் சொன்னாங்க. “நவம்பர் மழை வரட்டும்னு காத்திருக்காதீங்க சார்.” எனக்கு அது பிடிக்கல. சாபம் விடற மாதிரி இருந்துச்சு.

செப்டம்பர்ல அறிக்கை குடுத்தேன். ‘குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை.’ அரை மீட்டருக்குள்ளங்கறதையும் போட்டிருக்கேன், மறைக்கல. நாப்பத்தோராம் பக்கம், பட்டியலுக்குக் கீழ, சின்ன எழுத்துல. படிக்கறவங்க படிக்கலாம். பெரிய அறிக்கையெல்லாம் யாரு படிப்பாங்க, ஒரு பக்கத்துல சுருக்கிக் குடுங்கன்னு கேட்டாங்க. குடுத்தேன். ஒரு பக்கத்துல அடிக்குறிப்புக்கு எடம் எங்கீங்க இருக்கு?

அந்த ஒத்தைத் தாள்தான் எஸ்டேட் மேனேஜர் கைக்குப் போயிருக்குது.

நவம்பர்ல மூணு நாள் விடாம மழை. இங்க நீங்களும் பாத்திருப்பீங்க. ஃபிலோமினா மேடம் தனபாக்கியத்தோட நம்பரை வச்சிருந்திருக்காங்க. முதல் நாளே போன் பண்ணி, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வெளியேறச் சொல்லியிருக்காங்க. அந்தம்மா வீடு வீடாப் போயிக் கதவைத் தட்டி, பதினெட்டு வீட்டு ஆளுங்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு. எழுபது பேருக்கு மேல. ரெண்டு ராத்திரி அங்கதான், பெஞ்சை ஒதுக்கிப் பாய் விரிச்சு.

மூணாம் நாள் மழை கொஞ்சம் விட்டுச்சு. மேனேஜர் ஜீப்ல வந்திருக்காரு. வேலைக்கு ஆள் இல்லை, இலை முத்திட்டிருக்குது. அந்தத் தாளைப் பிரிச்சு எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சிருக்காரு. “ப்ளேன்ல வந்து அளந்திருக்காங்க. கம்ப்யூட்டர்ல பாத்திருக்காங்க. ஒரு மாற்றமும் இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. வீட்டுக்குப் போங்க.” தனபாக்கியம் போகாதீங்கன்னு சண்டை போட்டிருக்குது. உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு, டீச்சரம்மா சொன்னாங்கன்னு சொல்லியிருக்குது. சிரிச்சிருக்காங்க. பன்னெண்டு வீட்டுக்காரங்க திரும்பிப் போயிட்டாங்க. தனபாக்கியத்தோட புருசனும், கோழிக்கு ஏதாச்சும் போட்டுட்டு வந்துடறேன்னு கூடவே போயி, ராத்திரி அங்கயே தங்கிட்டிருக்காரு.

மறுநாள் காலையில பத்தேகால் மணி. பொம்பளைங்க பாதிப்பேரு தேயிலைக்காட்டுக்குப் போயிட்டாங்க, அதுல தப்புனாங்க. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தாங்க பாருங்க, அதனால பிள்ளைங்க வீட்டுல. சத்தம் வந்து, நிமிந்து பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சாம்.

பதினோரு பேரு.

நான் அப்ப ஆபீஸ்ல டீ குடிச்சிட்டிருந்தேன். போன் அடிச்சுது. “ஃபிலோமினா பேசறேன் சார். ஏழாம் லைன் போயிடுச்சு.” அவ்வளவுதான், வெச்சுட்டாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். திட்டலை. டம்ளரை மேஜை விளிம்புல வச்சுட்டேன், சட்டையெல்லாம் டீ. மேஜை பூரா ஃபைலா அடுக்கி வச்சிருந்தாங்க அன்னைக்கு.

இப்ப ஃபிலோமினா மேடம் என் மேல புகார் எழுதிக் குடுத்திருக்காங்க. அந்தப் படத்தோட, தேதி போட்டு, நான் என்ன சொன்னேன், அவங்க என்ன சொன்னாங்கன்னு வரிக்கு வரி. பதினோரு மணிக்கு விசாரணை. புருசனைப் பறிகொடுத்த தனபாக்கியமும் வருதாம். அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டேதான் வந்தேன். நான் அந்தத் தாளைப் படிக்கச் சொல்லலீங்களே. வீட்டுக்குப் போங்கன்னு நான் சொன்னேனா? அரை மீட்டருக்குள்ள மாற்றம் இல்லைன்னுதான் என் கணக்கு. அது இன்னைக்கும் சரி. யாரு வந்து போட்டுப் பாத்தாலும் ட்ரூதான் வரும்.

என்னங்க? யாரு வச்ச அளவா?

நான்தான். சொன்னேனே. இல்லை, எடுத்தவுடனே அரை மீட்டர் இல்லீங்க. முதல்ல இருபது சென்டிமீட்டர்தான் வச்சிருந்தோம். ஃபால்ஸ்னு வந்துச்சு. முப்பது குடுத்தேன், ஃபால்ஸ். நாப்பது குடுத்தேன், அதுவும் ஃபால்ஸ். ஐம்பது குடுத்தேன், ட்ரூ. இதெல்லாம் எங்க தொழில்ல சகஜமுங்க. சல்லடைக் கண்ணைப் பெருசு பண்ணுற மாதிரி. இருபதுலயே நின்னிருந்தா எல்லாக் கட்டத்தையும் கையால பாக்கணும், வேலை முடியாது, கெடு தாண்டிடும். அதிகமாப் போனது நாப்பத்தேழு சென்டிமீட்டர்தான். முப்பதுன்னா சொன்னேன்? ஆமா, பெரும்பாலும் முப்பது.

நீங்க ஏன் முன்சீட்டுக் கம்பியை அப்படிப் பிடிச்சிருக்கீங்க? பஸ்ஸு வளைவுல திரும்பறது ஒத்துக்கலீங்களா?

மத்ததா? மத்த சரிவுங்களா?

இருக்குதுங்க. மொத்தம் ஒம்பது. ஒரே புரோகிராம்தான், அளவை ஒருக்கா வச்சா ஒம்பதுக்கும் அதே அளவுதான் ஓடும். ஒம்பதும் ட்ரூ. இல்லைங்க, மறுபடி போட்டுப் பாக்கல. வக்கீல் விசாரணை முடியற வரைக்கும் ஃபைலைத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. தொட்டா தேதி மாறிடும், எதையோ திருத்திட்டேன்னு ஆயிடும். அடுத்த மாசம் சென்னையிலிருந்து வேற ஆளுங்க வந்து எல்லாத்தையும் புதுசாப் பாப்பாங்களாம். அதுவரைக்கும் என்ன ஆயிடப்போகுது? மழைதான் முடியப்போகுதே. அட, இன்னைக்குப் பெய்யறது கணக்கில்லீங்க, இது சும்மா.

உங்களுக்கு எந்த ஊருங்க?

தும்பிக்கொரையா? ரோட்டுக்கு மேலயா, கீழயா?

கீழயா.

தும்பிக்கொரை எங்க பட்டியல்ல இருக்குதுங்க. ஆறாவதோ ஏழாவதோ. பயப்படாதீங்க, அதுவும் ட்ரூதான். நம்பரா? கட்டத்துல என்ன நம்பர் வந்துச்சுன்னு நான் பாக்கலீங்க, ட்ரூன்னு வந்துட்டா அப்புறம் யாரு பாப்பாங்க? ஆமா, இந்தப் பையிலதான் இருக்குது லேப்டாப்பு. விசாரணைக்குக் கொண்டாரச் சொன்னாங்க. திறந்து கழிச்சுப் பாத்தா ஒரு நிமிசம்தான். ஆனா நான்தான் சொன்னேனே, தொடக்கூடாதுங்க. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, புரிஞ்சுக்கணும்.

அண்ணா, என்னங்க எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸு ஆடுது, பிடிச்சுக்குங்க. யாருக்குப் போன் பண்றீங்க, வீட்டுக்குங்களா? இங்க டவர் எடுக்காது. அடுத்த வளைவு தாண்டுனா எடுக்கும்.

பேசுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க, வெளிய வரச் சொல்லுங்க, அது உங்க இஷ்டம். என் பேரை மட்டும் சொல்லிடாதீங்கண்ணா.